48 இலக்கங்களை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?

பிரெஞ்சு ஆவணங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். ஊர் புதுச்சேரி என்பதால் இதற்கு இன்னும் வேலை இருக்கிறது. பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் ஓய்வூதியக் கடிதங்கள், பழைய வீட்டுப் பத்திரங்கள், பாகப்பிரிவினைத் தாள்கள் என்று பல குடும்பங்களின் அந்தரங்கம் என் மடிக்கணினிக்குள் இருக்கிறது. எந்தக் குழந்தையைத் தகப்பன் எப்போது தன் பிள்ளை என்று பதிவு செய்தார், எந்த வீடு யார் கைக்குப் போனது, யாருக்கு எவ்வளவு பென்ஷன் என்பதெல்லாம் அதில் உண்டு. அந்தக் கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் நின்றபடி போகிறேன். அது ஒரு நாள் காணாமல் போனால் பாதிக்கப்படுவது நான் மட்டும் இல்லை. அதனால் என் கோப்புகள் எல்லாம் என்கிரிப்ட் செய்யப்பட்டவை, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டவை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

எப்படிப் பூட்டுவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பூட்டியதை ஐந்து வருடம் கழித்து நாமே எப்படித் திறப்பது, நமக்குப் பிறகு வீட்டில் இருப்பவர்கள் எப்படித் திறப்பது என்று பேசுகிறவர்கள் குறைவு. நான் பார்த்த வரையில் என்கிரிப்ஷன் வெளியே நிறுத்தியது திருடனை அல்ல, சொந்தக்காரரைத்தான். ஆகவே, மீட்பதற்கு வழி செய்யாமல் ஒரு கோப்பைப் பூட்டுவது அதை மெதுவாக அழிப்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதைப் பலர் நம்புவதில்லை. "யாராவது உடைச்சுக் குடுப்பாங்க" என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. வங்கி லாக்கர் சாவி தொலைந்தால், கட்டணம் கட்டி, அதிகாரி முன்னிலையில் பூட்டை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு வரலாம் அல்லவா, அந்த நினைப்பு. இங்கே உடைக்க ஆள் இல்லை. இன்று கணினிகளில் பரவலாக இருப்பது ஏ.இ.எஸ். என்ற முறை. யோவான் தாமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் வடிவமைத்தது. அமெரிக்க அரசு 2001இல் தரமாக அறிவித்தது. அது செயல்படும் விதம் முழுவதும் உலகத்துக்கே தெரியும். தெரிந்தும், சாவி இல்லாமல் திறக்க இதுவரை வழி இல்லை. டேட்டா ரெக்கவரி கடைக்காரர் தெரியாமல் அழித்த கோப்பை மீட்கலாம், ஊசி பழுதான ஹார்டு டிஸ்க்கிலிருந்துகூட எடுத்துத் தரலாம். என்கிரிப்ட் ஆன டிஸ்க்கிலிருந்து அவர் எடுத்துத் தருவதும் என்கிரிப்ட் ஆனதாகத்தான் இருக்கும்.

இன்னொரு சங்கடம், தங்கள் கணினி பூட்டப்பட்டிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 11இன் 2024 பதிப்பு வந்த பிறகு, புதிதாக நிறுவும் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே பெரும்பாலும் டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, ஹோம் பதிப்பிலும்கூட. மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. "பூட்டட்டுமா?" என்று அழுத்திக் கேட்பதில்லை. தினமும் கணினி சாதாரணமாகத் திறக்கும். ஏனென்றால் சாவியின் ஒரு பகுதி மதர்போர்டில் இருக்கும் டி.பி.எம். சில்லுக்குள் இருக்கிறது, கணினி தன்னைத்தானே அடையாளம் கண்டு திறந்துகொள்கிறது. மதர்போர்டு மாறினால், சில நேரம் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருள் அப்டேட் ஆனால்கூட, அந்த அடையாளம் பொருந்தாது. அப்போதுதான் நீலத்திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்த நாள் அது. சரிசெய்வதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கோப்பை அழிப்பது மட்டும். ஆனால் பல அலுவலகங்களில் அந்தக் கோப்பைத் தொடுவதற்கே ஒவ்வொரு கணினிக்கும் 48 இலக்கங்களைத் தட்ட வேண்டியிருந்தது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே அந்தப் பாடு என்றால், ரெயின்போ நகரில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் என்ன செய்வார்?

அவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய அப்பா இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அப்பா அங்கிருந்து எழுதிய கடிதங்கள், படைப் பதிவு நோட்டு, பென்ஷன் தாள்கள் எல்லாவற்றையும் அவர் பொறுமையாக உட்கார்ந்து ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அசல்களைக் கரையான் அரித்து வருடக்கணக்காகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்து நகராமல் நின்றதே, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழையில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மேஜையின் கீழ்த்தட்டில் இருந்த மடிக்கணினி நனைந்தது. சர்வீஸ் கடையில் மதர்போர்டை மாற்றினார்கள். கோப்புகள் இருந்த எஸ்.எஸ்.டி. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நீலத்திரை வந்துவிட்டது.

"ஃபார்மட் பண்ணிடலாம்னு சொல்றாங்கம்மா. பண்ணிட்டா அப்பாவோட லெட்டரெல்லாம் திரும்ப வரும்ல?" என்று போனில் கேட்டார்.

"ஐயா, வராது. ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்லிட்டு அப்படியே எடுத்துட்டு வந்துடுங்க" என்றேன்.

ஃபார்மட் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சாவி பின்னால் கிடைத்தாலும் பயன் இருந்திருக்காது. எஸ்.எஸ்.டி.யில் ஃபார்மட் ஆன இடங்களை டிரிம் என்ற கட்டளை வழியாக டிஸ்க்கே காலி செய்துவிடுகிறது. பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்த அந்தக் கடைசி நம்பிக்கை இதில் இல்லை.

அவரிடம் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்டால், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் கேட்க வேண்டிய கேள்வி வேறாக இருந்தது. இந்தக் கணினி வாங்கியபோது பெட்டியைப் பிரித்து முதலில் போட்டது யார்? பேரன். பாரிஸ் பக்கத்தில் இருக்கிறான். விடுமுறையில் வந்தபோது தாத்தாவுக்காக வாங்கி, தன் கணக்கிலேயே நுழைந்து, எல்லாம் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். சாவி அவன் கணக்குக்குள் இத்தனை நாளும் பத்திரமாக இருந்தது. அவனுக்கும் அது தெரியாது. யாருடைய கணினி என்பதைவிட யார் முதலில் நுழைந்தார் என்பதைத்தான் தேட வேண்டும். பல வீடுகளில் அந்த முதல் ஆள் கடைக்காரப் பையனாக இருப்பார். கணினியை விற்கும்போது அங்கேயே புதிதாக ஒரு மின்னஞ்சல் உண்டாக்கி, அதில் நுழைந்து கொடுத்திருப்பார். அந்த முகவரி யாருக்கும் நினைவில் இருக்காது. இதைப் படிக்கிறவர்கள் தங்கள் அப்பா அம்மாவின் மடிக்கணினியில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிட்டால் நன்றாக இருக்கும்.

பேரன் போனில் எண்களைப் படிக்க, பெரியவர் நோட்டில் எழுதிக்கொண்டார். தட்டியபோது ஒரு தொகுதியைக் கணினி ஏற்கவில்லை. அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அவர் எழுதும் 1, இடது பக்கம் நீளமாக ஏறி இறங்கும். நம் கண்ணுக்கு அது 7. அவருடைய 7இல் குறுக்கே ஒரு கோடு இருக்கும். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுதான். ஒரு தொகுதியில் அப்படி ஆகியிருந்தது.

எந்த இலக்கம் தவறு என்று கண்டுபிடிக்க பேரனை மறுபடி எழுப்ப வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் முறைக்குப் பெயர் பிட்லாக்கர். அதன் மீட்புச் சாவியில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 48 இலக்கங்கள், ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும். உதாரணமாக 135795 என்று ஒரு தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்களைக் கூட்டினால் 1, 5, 9 சேர்ந்து 15. இரண்டாம், நான்காம், ஆறாம் இலக்கங்கள் 3, 7, 5 சேர்ந்து அதுவும் 15. இரண்டுக்கும் வித்தியாசம் 0 ஆகவோ 11 ஆகவோ 22 ஆகவோ வந்தால் தொகுதி சரி. ஒரு இலக்கத்தைத் தவறாக எழுதினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலும் கணக்கு உதைக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தொகுதிக்கு ஓர் இலக்கம் அழிந்துபோனாலும் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம் என்பது. மேலே சொன்ன எண்ணில் மூன்றாவது இலக்கம் தண்ணீர் பட்டுக் கரைந்துவிட்டது என்றால், ஒரு பக்கம் 1, 9 சேர்ந்து 10, மறுபக்கம் 15. காணாமல் போனது 5தான். அதோடு எந்தத் தொகுதியும் 720885ஐத் தாண்டாது. ஆகவே ஒரு தொகுதி 8 என்றோ 9 என்றோ தொடங்குவதாகத் தெரிந்தால் நாம் தப்பாகப் படிக்கிறோம். புயலும் வெள்ளமும் வந்துகொண்டே இருக்கும் இந்தக் கரையில், நனைந்த தாளிலிருந்து சாவியை மீட்க முடியும் என்பது சின்ன விஷயம் இல்லை. மற்ற எல்லா மென்பொருள்களும் இப்படி யோசித்துச் சாவி கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். மேக்கின் ஃபைல்வால்ட் கொடுக்கும் மீட்புச் சாவி எழுத்தும் எண்ணும் கலந்த 24 குறிகள். அதைக் கையால் எழுதும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தாளில் எழுதலாமா கூடாதா என்பது பழைய வழக்கு. ஓகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்பவர் 1883இல் ஒரு பிரெஞ்சு ராணுவ இதழில் ரகசிய எழுத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. முறை எதிரிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்பது அதில் புகழ்பெற்ற விதி. அதே பட்டியலில், சாவியை எழுதி வைக்காமல் நினைவில் வைக்க முடிய வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. போர்க்களத்தில் பிடிபடக்கூடிய சிப்பாய்க்கு அது சரி. வீட்டுக்குச் சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். சிப்பாயின் பையைத் துழாவுகிறவன் அந்தத் தாளைத் தேடுகிறான். நம் வீட்டுக்குள் வருகிற திருடன் நகையையும் மடிக்கணினியையும் எடுப்பான். பத்திர உறைக்குள் இருக்கும் எண்களை உட்கார்ந்து படிக்க மாட்டான். நம் நினைவுக்கு வரும் ஆபத்தோ அதைவிடப் பெரியது: வயது, காய்ச்சல், விபத்து, அதிர்ச்சி, பல மாதம் தொடாமல் இருப்பது. தினமும் தட்டும் பாஸ்வேர்டை விரல் மறக்காது. வருடத்துக்கு ஒரு முறை தட்டுவதை நிச்சயம் மறக்கும்.

ஒரே ஒரு தாளும் போதாது. ஸ்டெஃபன் தாமஸ் என்ற கணினி நிரலாளரின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 7,002 பிட்காயின்களின் சாவி ஒரு அயர்ன்கீ பென்டிரைவுக்குள் இருந்தது. அதன் பாஸ்வேர்டை எழுதி வைத்த தாள் தொலைந்துவிட்டது. பத்து முறை தவறாகத் தட்டினால் அந்த டிரைவ் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021 ஜனவரியில் செய்தி வந்தபோது அவர் எட்டு முறை தட்டியிருந்தார். எழுதியது அவர் செய்த சரியான காரியம். இரண்டாவது பிரதி இல்லாமல் போனதுதான் விபரீதம்.

சரி, எங்கே வைப்பது? வெள்ளம் வரும்போது நம் வீடுகளில் முதலில் கையில் எடுப்பது எது என்று யோசியுங்கள். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் இருக்கும் அந்தப் பை. தானே புயலிலும் சரி, ஃபெஞ்சலிலும் சரி, அந்தப் பை முதலில் மேலே போயிருக்கும். மீட்புச் சாவியின் இடம் அங்கேதான், பிளாஸ்டிக் உறைக்குள். பில் போடும் கருவியில் வரும் வழவழப்பான தாளில் அச்சிட வேண்டாம், நம் ஊர் வெயிலுக்குச் சில வருடத்தில் வெளுத்துவிடும். ஜெல் பேனாவும் வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். லேசர் பிரின்ட் நல்லது, பால்பாயின்ட் பேனா நல்லது.

இரண்டாவது பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் தங்கை கடலூரில், மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். சுமார் 25 கிலோமீட்டர். வேறு ஊர்தான், வேறு மாநிலமும்கூட. ஆனால் 2004 டிசம்பர் 26இல் சுனாமி இரண்டு ஊரையும் அடித்தது. 2011 டிசம்பர் 30இல் தானே கரை கடந்ததே இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில். ஃபெஞ்சலில் இங்கே மழை, அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி அங்கே வெள்ளம். இயற்கைக்கு இரண்டும் ஒரே ஊர். அதனால் தங்கையிடம் ஒரு பிரதி, திருச்சியில் இருக்கும் சித்தி வீட்டில் ஒரு பிரதி. சித்தியின் உறையில் சாவி மட்டும் இருக்கிறது, டிஸ்க் இல்லை. அவர் வீட்டில் யாராவது பிரித்துப் பார்த்தாலும் அந்த எண்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சாவியைப் பல துண்டாக்கிப் பல பேரிடம் கொடுக்கும் வழியும் உண்டு. ரகசியக் குறியீட்டுத் துறை அறிஞர் ஆதி ஷமீர் 1979இல் சொன்ன கணக்கு: மூன்று பேரிடம் ஆளுக்கொரு துண்டு, அதில் எந்த இரண்டு சேர்ந்தாலும் சாவி கிடைக்கும், ஒரு துண்டு மட்டும் இருந்தால் எதுவுமே தெரியாது. ஒரு நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளி வேண்டும், ஒரு புள்ளி வழியாக எத்தனையோ கோடு போகலாம் என்ற பள்ளிக்கூட வடிவியல்தான் இதன் அடிப்படை. அழகான யோசனை. ஆனால் துண்டுகளைச் சேர்க்க ஒரு மென்பொருள் வேண்டும், அதைத் துக்க வீட்டில் யாரோ ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்கு இது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எண்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுப்பது இன்னும் மோசம். ஒரு பாதி தொலைந்தால் எல்லாம் போச்சு.

சாவி இருந்தும் திறக்காமல் போகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. இதை அதிகம் பேர் சொல்வதில்லை. நான் கோப்புகளை வைத்திருப்பது வெராகிரிப்ட் என்ற மென்பொருள் உண்டாக்கும் பூட்டிய பெட்டிகளில்; பெட்டி என்பது பல கோப்புகளை உள்ளே வைத்துப் பூட்டும் ஒரு பெரிய கோப்பு. நாம் தட்டும் பாஸ்வேர்டு கோப்புகளை நேராகத் திறப்பதில்லை. பெட்டியின் தொடக்கத்தில் 64 கிலோபைட் அளவில் ஒரு தலைப்பகுதி இருக்கிறது. உண்மையான சாவி அதற்குள் இருக்கிறது. பாஸ்வேர்டு அந்தத் தலைப்பகுதியை மட்டும் திறக்கும். இதனால் ஒரு விசித்திரம். பெட்டியின் நடுவில் டிஸ்க் பழுதாகி ஒரு பிட் மாறினால், கெடுவது அந்த இடத்தில் 16 பைட் மட்டும். ஒரு படத்தில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். அதே பழுது தலைப்பகுதியில் விழுந்தால் மொத்தப் பெட்டியும் போய்விடும். வெராகிரிப்ட் தலைப்பகுதியின் நகல் ஒன்றைப் பெட்டியின் கடைசியில் வைத்துக்கொள்கிறது, அது பெரிய ஆறுதல். லினக்ஸ் கணினிகளில் டிஸ்க்கைப் பூட்டும் லக்ஸ் முறையில் தலைப்பகுதிக்கு அப்படி முழுப் பாதுகாப்பு இல்லை. நாமே தனியாக நகல் எடுத்து வேறு டிஸ்க்கில் வைக்க வேண்டும், இப்போதைய பதிப்பில் அது 16 மெகாபைட்தான். தலைப்பகுதியின் நகலை எடுத்த பிறகு பாஸ்வேர்டை மாற்றினால், பழைய நகல் பழைய பாஸ்வேர்டுக்குத்தான் திறக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நகல் எடுத்த தேதியை எழுதி வைத்தால் குழப்பம் இல்லை. லக்ஸில் எனக்குப் பிடித்தது, ஒரே டிஸ்க்குக்குப் பல பாஸ்வேர்டு வைக்கலாம், பழையதில் 8, புதியதில் 32 வரை. நம்முடையது ஒன்று, தாளில் எழுதி வைப்பது ஒன்று. நம்முடையதை எத்தனை முறை மாற்றினாலும் தாளில் இருப்பது செல்லும்.

பேக்கப் டிஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிடவும் கூடாது. நன்றாக உழைத்துத் தேய்ந்த எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்பதுதான் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவு. நம் கோடையில் பீரோவுக்குள் 30 டிகிரிதானா இருக்கும்?

இதற்கெல்லாம் மேலாக நான் செய்வது ஒரு சோதனை. தங்கை வரும்போது அவள் கணினியில், என் உதவி இல்லாமல், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கச் சொல்வேன். நான் பக்கத்து அறையில் இருப்பேன், வாய் திறக்க மாட்டேன். அவள் எங்கே நிற்கிறாள் என்பதைப் பார்த்துத் தாளில் ஒரு வரி சேர்ப்பேன். மென்பொருளின் பெயர் என்ன, எந்தப் பதிப்பு, எங்கே கிடைக்கும், டிஸ்க்கில் எந்தக் கோப்புதான் பெட்டி என்பதெல்லாம் அப்படிச் சேர்ந்த வரிகள். அதில் முக்கியமானது விசைப்பலகை. நான் பயன்படுத்துவது பிரெஞ்சு விசைப்பலகை. அதில் 'ஏ' இருக்கும் இடத்தில் ஆங்கிலப் பலகையில் 'க்யூ' இருக்கும், 'இசட்' இடத்தில் 'டபிள்யூ' இருக்கும்; எண்களை ஷிஃப்ட் அழுத்தித்தான் தட்ட வேண்டும். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே பாஸ்வேர்டு கேட்கும் திரைகளில் நம் விருப்பப் பலகை செல்லாமல் போகலாம். பாஸ்வேர்டு சரி, விரல் சரி, ஆனால் திறக்காது. ஆகவே எந்தப் பலகையில் தட்டினாலும் ஒரே இடத்தில் இருக்கும் எழுத்துகளை மட்டும் வைத்து என் பாஸ்வேர்டை அமைத்திருக்கிறேன்.

தமிழ் எழுத்தில் பாஸ்வேர்டு வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் 'கொ' என்று திரையில் தெரிவதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; பூட்டுக்கு இரண்டும் வேறு. எந்த விசைப்பலகை எதைத் தட்டும் என்று பத்து வருடம் கழித்து யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லைத் தட்டுவதானாலும், உதாரணமாக 'வாழை' என்ற சொல்லுக்கு எப்படி எழுத்துக் கூட்டினீர்கள் என்பதைத் தாளில் அப்படியே எழுதி வையுங்கள். ஆளுக்கு ஒரு விதமாகத்தானே எழுதுகிறோம்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸாப் பேக்கப்பை என்கிரிப்ட் செய்தால் பாஸ்வேர்டோ 64 குறிகள் கொண்ட சாவியோ இல்லாமல் அந்த நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. அப்புறம், வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய சிம்மை உடனே விட்டுவிடாதீர்கள், ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். கணக்குகளைத் திறக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். சேவை நின்ற எண்ணை 90 நாள் வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அதற்குப் பிறகு அது யாரோ ஒருவருடைய எண். கூகுள் கணக்கில், நாம் 3 முதல் 18 மாதம் வரை நுழையாமல் இருந்தால் நாம் சொன்னவர்களுக்குக் கோப்புகள் போய்ச்சேரும் வசதி இருக்கிறது. நல்ல வசதி, செய்து வையுங்கள். ஆனால் டிரைவில் இருப்பது பூட்டிய பெட்டி என்றால் அவர்களுக்குக் கிடைப்பதும் பூட்டிய பெட்டிதான்.

இத்தனையும் செய்யும்போது எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வருவார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்; 1736இலிருந்து 1761இல் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் வீட்டுப் பேச்சு, வியாபாரம், பகை, பயம் எல்லாம் அதில் இருந்தது. 1846இல் கல்வா மோம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பிள்ளையின் வாரிசுகள் வீட்டில் கண்டெடுத்தார். எழுதியவர் போய் 85 வருடம் கழித்து, பிரித்தவர்கள் நேராகப் படிக்க முடிந்தது. நம் காலத்தில் அதே மாதிரி எழுதுகிற ஒருவர் மடிக்கணினியில் எழுதி, என்கிரிப்ட் செய்து, சாவியை மனதில் மட்டும் வைத்துக்கொண்டு போனால், அந்த டிஸ்க் 85 நாள்கூட வீட்டில் இருக்காது. ஃபார்மட் செய்து பேத்திக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் எல்லாமே மீட்கப்பட வேண்டியதில்லை என்பதையும் இந்தத் தொழில்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. என்னிடம் இரண்டு பெட்டிகள். ஒன்றில் என் குடும்பப் படங்கள், வீட்டுக் கணக்கு, காப்பீட்டுத் தாள்கள், என் எழுத்து. அதன் சாவிதான் தங்கையிடமும் சித்தியிடமும் இருக்கிறது. இன்னொன்றில் வாடிக்கையாளர்களின் ஆவணங்கள். அதன் சாவி என் வீட்டுப் பையில் இல்லை, யாரிடமும் இல்லை. பெட்டி கெட்டுப்போனால் அவர்களிடமே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எனக்கு ஏதாவது ஆனால் அது திறக்கப்படாமலே போகட்டும். அந்தக் குடும்பங்களின் கதையை என் வாரிசுகள் படிக்க எந்த நியாயமும் இல்லை. வேலை முடிந்து குறிப்பிட்ட காலம் போனதும் நானே அழித்துவிடுகிறேன், அதை முதலிலேயே அவர்களிடம் சொல்லியும் விடுகிறேன்.

அதனால் மொழிபெயர்ப்பை ஒப்படைக்கும்போது ஸ்கேன் செய்த படங்களையும் சேர்த்து ஒரு பென்டிரைவில் போட்டு அவர்கள் கையில் கொடுக்கிறேன். வழக்கில் இருக்கும் சொத்து, மருத்துவத் தாள், தத்து விவரம் என்றால் பூட்டிக் கொடுத்து, சாவியை அவர்கள் முன்னாலேயே தாளில் எழுதி, அவர்களையே ஒரு முறை திறக்கவைத்துப் பார்க்கிறேன். மற்றதைப் பூட்டாமலே கொடுக்கிறேன். எண்பது வயதுக்காரர் வீட்டில் பீரோவுக்குள் இருக்கப் போகும் கொள்ளுப்பாட்டியின் திருமணப் பதிவுக்கு என்கிரிப்ஷன் தேவையில்லை. ரெயின்போ நகர்ப் பெரியவருக்கும் அப்படித்தான் செய்தோம். அவருடைய அப்பாவின் கடிதங்கள் இப்போது பூட்டில்லாத மூன்று பென்டிரைவ்களில் இருக்கின்றன, ஒன்று பேரனிடம்.